வந்துபோகும் வேடங்கள்

நெடுந்தொடரில் நிலையாக நடிப்பவருக்குக் காலம் துணை நிற்கும். முதல் மாதத்தில் ஒட்டாமல் நின்ற குரல் ஆறாம் மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். நடிகர் பாத்திரத்துக்குப் பழகுவார், பார்ப்பவர் நடிகருக்குப் பழகுவார். ஒரே ஒரு கதைக்கு வந்துபோகும் நடிகருக்கு இந்த வசதி கிடையாது. முதல் காட்சியிலேயே ஆள் யார் என்று தெரியவேண்டும், கடைசிக் காட்சிக்குள் அந்த ஆளின் வாழ்வு முடிந்தும் விடவேண்டும்.

குடும்பத் தொடர் என்றால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். வட்டிக்காரரும் வக்கீலும் ஊரிலிருந்து வரும் பெரியம்மாவும் எப்படிப் பேசுவார்கள் என்று பார்ப்பவருக்கு முன்பே தெரியும். அந்த அறிமுகத்தின் மேல் நடிகர் ஏறி நின்றுகொள்ளலாம். அறிவியல் புனைவுத் தொடரில் அப்படி ஏறி நிற்க எதுவும் இல்லை. கடலடி நகரத்து விஞ்ஞானியையோ வேற்றுக் கோளின் அமைச்சரையோ யாரும் நேரில் பார்த்ததில்லை. எதிரே நிற்பது வண்ணமடித்த ஒட்டுப்பலகைச் சுவர். அது ஒரு நாட்டின் எல்லை என்பதை நடிகரின் கண்தான் சொல்லவேண்டும். அந்தக் கண் ஒரு நொடி தளர்ந்தாலும் சுவர் மறுபடி பலகையாகிவிடும். இந்த வகைத் தொடர்களில் பலவீனமான நடிப்பு மற்ற தொடர்களைவிடக் கூடுதலாக உறுத்துவது இதனால்தான்.

உறுத்தும் நடிப்புகளைத் தேடிப் பட்டியலிட்டுச் சிரிப்பது இரசிகர்களிடையே நெடுநாள் வழக்கம். பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. பெரும்பாலோர் நல்ல நடிகர்கள். வேறு மேடைகளிலும் வேறு படங்களிலும் அதை நிரூபித்தவர்கள். அவர்கள் இங்கே வந்து ஏன் தடுமாறினார்கள் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

இதை ஆராய மிக வளமான இடம் பிரிட்டனின் 'டாக்டர் ஹூ'. 1963 நவம்பர் 23-ஆம் நாள் பிபிசியில் தொடங்கி 1989 டிசம்பர் வரை 26 பருவங்கள் ஓடிய தொடர் அது. பிறகு 2005-இல் மீண்டும் தொடங்கியது. காலத்தில் பயணம் செய்யும் டாக்டர் என்ற ஒருவர் ஒவ்வொரு கதையிலும் ஒரு புது இடத்துக்குப் போவார் என்பதே அதன் அமைப்பு. ஆகவே ஒவ்வொரு கதைக்கும் புது அரங்கு, புது உடை, புது ஆட்கள். நிலையான நடிகர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்ற எல்லோரும் வந்துபோகிறவர்கள். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 24. அந்த முதல் அத்தியாயம் இரண்டு முறை எடுக்கப்பட்டது. முதலில் எடுத்ததில் தொழில்நுட்பக் கோளாறுகள் இருந்தன, நாயகராக நடித்த வில்லியம் ஹார்ட்னல் அளவுக்கு மீறிக் கடுமையாகவும் தெரிந்தார். தொடரின் மூலகர்த்தாக்களுள் ஒருவரான சிட்னி நியூமன் அதை ஒதுக்கிவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். ஹார்ட்னல் தன் பாத்திரத்தை மென்மையாக்கிக்கொண்டார். தொடரின் வெற்றிக்கு அந்த இரண்டாவது வாய்ப்பும் ஒரு காரணம். பின்னால் வந்துபோன நூற்றுக்கணக்கான நடிகர்களுக்கு அப்படியொரு வாய்ப்பு வாய்க்கவில்லை.

1960-களில் வேலை நடந்த விதம் இது. வாரத்தின் முதல் நாட்களில் ஒரு வாடகைக் கூடத்தில் ஒத்திகை. தரையில் ஒட்டிய நாடாக்கள்தான் சுவர்கள், நாற்காலிகள்தான் இயந்திரங்கள். வாரக் கடைசியில் ஒரு நாள் ஸ்டுடியோ. அன்று மாலை ஏறத்தாழ மேடை நாடகம் போலவே தொடர்ச்சியாகப் பதிவு. ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை என்பதால் தவறிய வசனம் தவறியபடியே ஒளிபரப்பானது. 1970-களில் முறை கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் இரவு 10 மணிக்கு ஸ்டுடியோ விளக்குகள் அணைந்துவிடும் என்ற விதி இருந்தது. பத்துக்குச் சில நிமிடம் இருக்கையில் எடுக்கப்பட்ட காட்சிக்கு மறுபதிவு என்ற பேச்சே எழாது. நடிகர் ஒருவர் தன் பாத்திரத்தின் உடையிலும் அரங்கிலும் முதன்முதலாக நிற்பதே அந்தப் பதிவு நாளில்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரும் பெயர்களை வேறு கண்ணோடு பார்க்க முடியும்.

பட்டியல்களில் தவறாமல் இடம்பெறுபவர் வியன்னாவில் பிறந்த யோசஃப் ஃபூர்ஸ்ட். 1967 தொடக்கத்தில் வந்த 'அண்டர்வாட்டர் மெனஸ்' கதையில் பேராசிரியர் சாரோஃப் என்ற விஞ்ஞானியாக நடித்தார். கடல்நீரைப் பூமியின் நடுக்கருவுக்குள் வடியவிட்டு உலகையே வெடிக்கச் செய்வது சாரோஃபின் திட்டம். ஏன் என்று கேட்டால் கதையில் தக்க பதில் கிடையாது. மனைவி மக்களை இழந்த துயரம் போன்ற ஒரு காரணம் இருந்திருந்தால் நடிகர் அதைப் பிடித்துக்கொண்டு மேலேறியிருப்பார். அப்படி ஒன்றும் தரப்படாததால் ஃபூர்ஸ்ட் தன்னிடம் இருந்த ஒரே கருவியான குரலை உயர்த்தினார். மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில், இனித் தன்னை யாராலும் தடுக்க முடியாது என்று கேமராவைப் பார்த்து அவர் முழங்கும் இடம் இன்றும் நகைப்புக்குரியதாகக் காட்டப்படுகிறது. அந்தக் கதையை இயக்கியவர் ஜூலியா ஸ்மித். பிற்காலத்தில் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' என்ற நெடுந்தொடரை உருவாக்கி எதார்த்த நடிப்புக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர். இயக்குநருக்கு நடிப்புத் தெரியவில்லை என்று சொல்ல வழியில்லை. ஃபூர்ஸ்டும் நான்கு ஆண்டுகள் கழித்து 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் விஞ்ஞானி வேடத்தை அளவோடு செய்தவர்.

சாரோஃபுக்கு இழைக்கப்பட்ட இன்னோர் அநீதியையும் சொல்லவேண்டும். பிபிசி தன் பழைய நாடாக்களை அழித்துவிட்ட காலம் அது. 'அண்டர்வாட்டர் மெனஸ்' கதையின் நான்கு அத்தியாயங்களில் மூன்றாவது மட்டுமே பல பத்தாண்டுகள் கையில் இருந்தது. முழக்கம் வருவது அதில்தான். 2011-இல் இரண்டாம் அத்தியாயம் கண்டெடுக்கப்பட்டபோது, அமைதியாகவும் கவர்ச்சியாகவும் பேசி ஆளை மயக்கும் சாரோஃபும் தென்பட்டார். ஒரு நடிகரின் நான்கில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது.

குரல் உயர்வது ஒரு வகைப் பலவீனம் என்றால் குரல் எழும்பாமல் போவது மற்றொரு வகை. 1974-இல் வந்த 'பிளானட் ஆஃப் த ஸ்பைடர்ஸ்' கதையில், ராட்சதச் சிலந்திகளுக்கு அடிமைப்பட்ட மனிதர்கள் வாழும் கோள் ஒன்று வருகிறது. அங்கே மகனைக் காக்கத் தவிக்கும் தாய் நெஸ்கா. நடித்தவர் ஜென்னி லேர்ட். உயிர்போகும் செய்தியையும் உலர்ந்த துணியைப் பற்றிச் சொல்வதுபோல் அவர் சொல்லிவிட்டுப் போகிறார். துயரம் எங்கும் ஏறவில்லை. இதே ஜென்னி லேர்ட் 1947-இல் பவல், பிரஸ்பர்கர் இருவரும் எடுத்த 'பிளாக் நார்சிசஸ்' படத்தில் இமயமலை மடத்துக் கன்னியாஸ்திரீகளுள் ஒருவராக, சிஸ்டர் ஹனியாக நடித்தவர். பிள்ளைகள்மேல் பாசம் மிகுந்து மனம் உடையும் அந்த வேடம் இன்றும் பார்ப்பவரைத் தொடுகிறது. அந்த இமயமும் பொய்தான். படம் எடுக்கப்பட்டது லண்டன் அருகே பைன்வுட் ஸ்டுடியோவில். பனிமலைகள் தீட்டப்பட்ட ஓவியங்கள். தீட்டிய மலைக்கு முன் உயிரோடு நின்றவர் தீட்டிய கோளுக்கு முன் ஏன் உயிரிழந்தார்?

திறமை இடையில் வற்றிவிட்டது என்பது எளிய பதில், நம்பத்தக்க பதில் அல்ல. 'பிளாக் நார்சிசஸ்' படத்தில் ஒளியும் நிறமும் இசையும் நடிகரைத் தாங்கின; ஒரு முகபாவத்துக்காக ஒரு பகல் முழுவதும் காத்திருக்கும் பொறுமை அங்கே இருந்தது. தொடரில் அவர் நின்றது ஒரே சீரான வெளிச்சத்தில். வேற்றுக் கோளின் நிலமும் சில இடங்களில் சிலந்திகளும் வண்ணத்திரை உத்தியில் பின்னால் சேர்க்கப்பட்டவை. அஞ்சவேண்டிய பொருள் கண்முன் இல்லாதபோது அச்சத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை அந்தத் தலைமுறை நடிகர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நெஸ்காவின் வசனங்களும் தாய் பேசும் பேச்சாக இல்லாமல் கதைச் சுருக்கமாகவே எழுதப்பட்டிருந்தன. அறிவியல் புனைவில் வந்துபோகும் பாத்திரங்களுக்கு நேரும் பெரிய தீங்கு இது: அந்த உலகத்தின் சட்டதிட்டங்களை எல்லாம் அவர்கள் வாயால்தான் விளக்கியாக வேண்டும். தகவல் சொல்ல வைக்கப்பட்ட ஆள் அழவும் வேண்டும் என்றால் இரண்டும் கெடும்.

1979 டிசம்பரில் தொடங்கிய 'ஹார்ன்ஸ் ஆஃப் நைமன்' கதையின் சோல்டீட் வேடத்தைச் செய்த கிரஹாம் க்ரவுடனின் கதை இன்னும் நுணுக்கமானது. 1974-இல் நான்காவது டாக்டராக, அதாவது நாயக வேடத்தை ஏற்கும் நான்காவது நடிகராகவே அவர் அழைக்கப்பட்டார். நீண்ட காலம் கட்டுப்பட மனமில்லாமல் மறுத்தார். அந்த இடம் டாம் பேக்கருக்குப் போனது. ஐந்தாண்டு கழித்து அதே தொடருக்கு வில்லனாக வந்த க்ரவுடன் கண்ணை உருட்டி, சொற்களை நீட்டி, கைகளை வீசி ஆடினார். சாகும் காட்சியில் அவர் சிரித்துவிடுவது அப்படியே ஒளிபரப்பாயிற்று. அது ஒத்திகை என்று அவர் எண்ணியிருந்ததாக ஒரு பேச்சு உண்டு. பருவத்தின் கடைசிக் கதைகளில் ஒன்றாகையால் பணம் தீர்ந்துபோயிருந்தது. நைமன் என்ற காளைத்தலைப் பூதம் குதிகால் உயர்ந்த காலணியில் தள்ளாடி நடந்தது. அதன்முன் மண்டியிட்டு நடுங்கவேண்டிய நடிகர் கேலிநாடகத்தைத் தேர்ந்துகொண்டார். பிற்பாடு 'எ வெரி பெக்யூலியர் ப்ராக்டிஸ்', 'வெயிட்டிங் ஃபார் காட்' தொடர்களில் அவர் காட்டிய கனிவைப் பார்த்தவர்களுக்கு சோல்டீட் ஓர் இழப்பாகவே படும். கண்முன் இருப்பதை நம்ப முடியாத நடிகர், தான் நம்பவில்லை என்பதைப் பார்ப்பவருக்குக் கண்சிமிட்டிச் சொல்லிவிடுகிறார். நடிகருக்கு அது தற்காப்பு. கதை அங்கேயே செத்துவிடும்.

இங்ரிட் பிட் செய்த வேடத்தில் தற்காப்புக்குக்கூட வழியில்லை. நாஜி வதைமுகாமில் சிறுமியாக உயிர்பிழைத்தவர் அவர். ஹாமர் நிறுவனத்தின் திகில் படங்களால் புகழ்பெற்றவர். 1972-இல் 'டைம் மான்ஸ்டர்' கதையில் அட்லாண்டிஸ் அரசியாக இதே தொடரில் கம்பீரமாக வந்துபோனார். 1984 ஜனவரியில் ஒளிபரப்பான 'வாரியர்ஸ் ஆஃப் த டீப்' கதையில் கடலடித் தளத்தின் மருத்துவராக மீண்டும் வந்தார். மிர்கா என்ற கடல்மிருகத்தை அவர் கராத்தே உதையால் எதிர்கொள்ளும் காட்சி, தொடரின் ஆகக் கீழான நொடிகளுள் ஒன்று என்று சொல்லப்படுகிறது. அந்தக் காட்சி பிறந்தது ஸ்டுடியோவுக்கு வெளியே. 1983 ஜூன் 9-க்குப் பொதுத்தேர்தலை மார்கரெட் தாட்சர் அறிவித்தார். தேர்தல் ஒளிபரப்புக்கு பிபிசிக்கு ஸ்டுடியோக்கள் தேவைப்பட்டன. இந்தக் கதையின் நாட்கள் முன்னுக்குத் தள்ளப்பட்டுச் சுருங்கின. மிர்காவின் உடம்புக்குள் இரண்டு பேர் இருந்து நடக்கவேண்டும். அவர்களுக்குப் பழக நேரமில்லை. பூசிய வண்ணம் காயாமல் பதிவு நாளில் எல்லோர்மேலும் ஒட்டியது. அந்த ஈர மிருகத்தின் முன் எந்த நடிகரை நிறுத்தினாலும் முடிவு வேறாக இருந்திருக்காது.

திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங், சாயமேற்றும் டையிங், துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங், கட்டிங், தையல் என்று பல கை மாறி கடைசியில் செக்கிங் மேசைக்கு வருகிறது. ஷேடு எனும் நிறச்சாயலின் வித்தியாசம் கண்ணில் படுவது அந்த மேசையில்தான். ஆனால் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்த டெய்லரை அதற்காக யாரும் திட்டுவதில்லை. கோளாறு டையிங்கில் என்று தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். நடிப்பைப் பார்ப்பதிலும் இந்த நிதானம் வேண்டும். திரையில் கடைசியாகத் தெரிவது நடிகரின் முகம் என்பதால் எழுத்து, அட்டவணை, பணம், உடை ஆகியவற்றின் குறைகள் எல்லாம் அந்த முகத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன.

எல்லாப் பழியையும் இப்படி இறக்கிவைத்துவிட முடியாது என்பதற்கு ரிச்சர்ட் ப்ரையர்ஸ் சாட்சி. 1970-களில் 'த குட் லைஃப்' நகைச்சுவைத் தொடரால் பிரிட்டனின் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த முகம் அவர். 1987-இல் 'பாரடைஸ் டவர்ஸ்' கதையில், சீரழிந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தலைமைக் காவலாளியாக வந்தார். ஸ்டீஃபன் வயட் எழுதிய அந்தக் கதைக்குள் நல்ல சரக்கு இருந்தது. விதிப்புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழும் அதிகாரிகள், தனியே விடப்பட்டு கும்பல்களாகிவிட்ட சிறுமிகள், மனிதரைத் தின்னும் கிழவிகள், கட்டடத்தைக் காதலித்து அதில் வாழ்வோரை வெறுக்கும் கட்டடக்கலைஞன் என நகரவாழ்வின் கொடுங்கனவு அது. முதல் மூன்று அத்தியாயங்களில் ஹிட்லர் மீசையும் விறைப்பும் கொண்ட அதிகாரியாக ப்ரையர்ஸ் ஒருவாறு தாக்குப்பிடிக்கிறார். நான்காவதில் அந்தக் கட்டடக்கலைஞனின் ஆவி அவர் உடலுக்குள் புகுகிறது. அங்கிருந்து அவர் வாயைக் கோணி, நாக்கு உளற, பொம்மைபோல் நடந்து, அச்சம் தரவேண்டிய இடத்தைப் பாழாக்கிவிட்டார். தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னரே குறைத்துக்கொள்ளச் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. எழுத்து இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. குழந்தைகள் பார்க்கும் தொடருக்கு இது போதும் என்ற மதிப்பீடே அந்த நடிப்பில் தெரிகிறது. மூன்றே ஆண்டில் கென்னத் பிரானாவின் நாடகக்குழுவில் லியர் மன்னனாக நின்றவருக்கு இதைச் செய்யத் தெரியாது என்று யாரும் வாதிட முடியாது. இந்த ஒரு வேடத்தில் குற்றம் நடிகருடையதே.

போல் டாரோவின் வழக்கு இதற்கு அடுத்தபடி நிற்கிறது. 'பிளேக்ஸ் 7' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் ஏவன் அவர். குளிர்ந்த, அளந்து பேசும் வேடத்துக்குப் பேர்போனவர். 1980-இல் அந்தத் தொடருக்கு ஒரு கதைக்கு மட்டும் வந்த கொலின் பேக்கர் கொள்ளைக்காரனாகக் கத்தித் தீர்த்துவிட்டுப் போனார். 1985-இல் நிலை தலைகீழானது. கொலின் பேக்கர் இப்போது ஆறாவது டாக்டர். 'டைம்லேஷ்' கதைக்கு வந்துபோகிறவர் டாரோ. லாரன்ஸ் ஒலிவியரின் மூன்றாம் ரிச்சர்டை நினைவூட்டும் குரலிலும் நடையிலும் அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் கடித்துத் துப்பினார். கூடவே நிற்கும் மற்றவர்கள் ஒரு கதையிலும் இவர் வேறொரு கதையிலும் இருப்பதாகப்படுகிறது. ஆனால் 'டைம்லேஷ்' அத்தனை சோர்வான கதை. டாரோ வரும் இடங்களில்தான் விழிப்புத் தட்டுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மிகை நடிப்பு எப்போதும் கேடு என்ற விதி கிடையாது.

அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் கான் அதற்குச் சான்று. 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'ஸ்பேஸ் சீட்' அத்தியாயத்தில், வட இந்தியச் சீக்கியராகக் கருதப்படும் கான் நூனியன் சிங் வேடத்தை மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மான்டல்பான் செய்தார். மார்பை நிமிர்த்தி, சொற்களை உருட்டி, அரசனைப்போல் அறைக்குள் நுழையும் அந்த நடிப்பு சாரோஃபின் நடிப்பைவிட எந்த வகையிலும் அடக்கமானது அன்று. ஆனால் கான் தன்னை உயர்ந்தவன் என்று உண்மையாகவே நம்புகிறான். நடிகர் அந்த நம்பிக்கையை ஓரிடத்திலும் கைவிடவில்லை. 1982-இல் அதே வேடத்துக்காகவே ஒரு முழுநீளப் படம் எடுக்கப்பட்டது.

நடிகரே அல்லாதவரைப் புகழுக்காக அழைத்துவருவது தனிப் பிரச்சினை. 1968 அக்டோபரில் ஸ்டார் ட்ரெக்கில் வந்த 'அண்ட் த சில்ட்ரன் ஷல் லீட்' அத்தியாயத்தில், குழந்தைகளை மயக்கி ஆட்டுவிக்கும் கோர்கன் என்ற தீய ஆவி வருகிறது. நடித்தவர் மெல்வின் பெல்லி, சான் ஃப்ரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற வழக்கறிஞர். கென்னடியைக் கொன்றதாகக் கைதான ஆஸ்வால்டைச் சுட்ட ஜாக் ரூபிக்காக வாதாடியவர். பளபளக்கும் அங்கியில் நின்று அவர் வசனத்தை ஒப்பிக்கிறார். நீதிமன்றத்தில் நடுவர்களைக் கட்டிப்போட்ட வாய் அது. வழக்கு மன்றத்தில் அவர் சொன்னது அவருடைய சொல். இங்கே பிறர் எழுதிய சொல்லை வாங்கித் தன்னதாக்கும் வித்தை அவருக்குப் பழக்கமில்லை. ஸ்டீஃபன் ஹாக்கிங் 1993-இல் அதே வரிசையின் அடுத்த தொடரில் ஸ்டீஃபன் ஹாக்கிங்காகவே வந்து நியூட்டனோடும் ஐன்ஸ்டைனோடும் சீட்டாடிவிட்டுப் போனார். அது யாரையும் உறுத்தவில்லை. ஜோர்டானின் அப்துல்லா, இளவரசராக இருந்த 1996-இல், அதே வரிசையின் 'வாயேஜர்' தொடரில் பேசாமல் ஒரு நடைக்கூடத்தில் நின்றுவிட்டுப் போனார். புகழ்பெற்றவரை அழைப்பதில் தவறில்லை. அவருக்குப் பொருந்தாத பாரத்தை அவர் தலையில் வைப்பதே தவறு.

1980-களின் 'டாக்டர் ஹூ'வில் நேதன்-டர்னர் கேளிக்கை நிகழ்ச்சிகளின் பிரபலங்களை அடிக்கடி அழைத்தார். நகைச்சுவை அரசர் கென் டாட் 1987-இல் சுங்கச்சாவடிக்காரராக வந்து தன் மேடைப் பாணியிலேயே பேசிவிட்டுப் போனார். பத்திரிகைகளில் படம் வந்தது, கதைக்கு இலாபமில்லை. ஆகவே 1989-இல் 'கர்ஸ் ஆஃப் ஃபென்ரிக்' கதைக்கு நிகோலஸ் பார்சன்ஸ் அழைக்கப்பட்டபோது பலர் முகம் சுளித்ததில் வியப்பில்லை. 'சேல் ஆஃப் த செஞ்சுரி' என்ற வினாவிடைப் போட்டியைப் பல ஆண்டுகள் நடத்திய மலர்ந்த முகம் அவருடையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கிராமத்துப் பாதிரியார் வெய்ன்ரைட் வேடம் அவருக்குத் தரப்பட்டது. ஜெர்மானிய நகரங்களில் பிரிட்டனின் குண்டுகளும் குழந்தைகளைக் கொல்கின்றன என்று அறிந்தபின் வேதத்தை வாசிக்க நா எழாத மனிதர் அவர். வெறுமையான தேவாலயத்தில் நின்று வாசிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிடும் காட்சியில் பார்சன்ஸ் எதையும் செய்வதில்லை. குரலைத் தாழ்த்துகிறார், நிற்கிறார், அவ்வளவுதான். அந்தக் கதையில் இரத்தம் குடிக்கும் பூதங்களை விலக்கி நிறுத்துவது ஒருவரின் உள்ளத்து விசுவாசம். பாதிரியாரிடம் அது இல்லை, அதனால் இறக்கிறார்.

பார்சன்ஸை இயக்கியவர் நிகோலஸ் மாலட். ப்ரையர்ஸ் நடித்த 'பாரடைஸ் டவர்ஸ்' கதையை இயக்கியவரும் அவரே. இயக்குநர் ஒருவர், தயாரிப்பாளர் ஒருவர், இடைவெளி இரண்டே ஆண்டு. தேர்ந்த நடிகர் சறுக்கினார், போட்டி நடத்துநர் நிமிர்ந்து நின்றார். ஒரு வேறுபாடு இடத்தில் இருந்தது: 'ஃபென்ரிக்' முழுவதும் வெளிப்புறத்தில், உண்மையான தேவாலயத்திலும் உண்மையான கடற்கரையிலும் எடுக்கப்பட்டது. மற்றொன்று வேடத்தில் இருந்தது: பார்சன்ஸுக்கு ஒரு மனிதன் தரப்பட்டான், அவனுக்கு ஒரு துன்பம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்சன்ஸ் அந்த வேடத்தைத் தன் மதிப்புக்குக் குறைந்ததாக நினைக்கவில்லை.

நேரமின்மையை ஒரே காரணமாகச் சொல்வோருக்கு டேவிட் வார்னர் பதில். 1992 டிசம்பரில் ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடரில், கைதியை வதைத்து விசாரிக்கும் அதிகாரி மேட்ரெட் வேடத்துக்கு அவர் மூன்று நாள் முன்புதான் அழைக்கப்பட்டார். வசனத்தை மனப்பாடம் செய்ய அவகாசமில்லாமல் அட்டையில் எழுதிவைத்ததைப் பார்த்தே பேசினார். அந்த அத்தியாயம் தொடரின் உச்சங்களுள் ஒன்று. ஓர் அறை, இரண்டு பேர், மகளை மடியில் வைத்துக் கொஞ்சும் ஒரு கொடியவன் என்று எழுத்து அவருக்கு உறுதியான தரை அமைத்துக் கொடுத்திருந்தது.

மூன்று நாள் என்பதும் தமிழ் நாடகமேடையில் பெரிய அவகாசம். சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த ஸ்பெஷல் நாடகத்தில் எல்லோருமே வந்துபோகிறவர்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்ற ஊர்களிலிருந்து அந்த ஓர் இரவுக்காகத் தனித்தனியே பேசி அழைக்கப்படுவார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ஒப்பனைக் கொட்டகையில் சந்தித்தவர்கள் விடியவிடிய 'வள்ளி திருமணம்' நடத்திவிடுவார்கள். வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கம் அன்றைய இரவில் மேடையிலேயே பிறப்பது. இப்படி நடத்த முடிவதற்குக் காரணம், கதையும் பாட்டும் முறையும் அவர்களுக்கும் எதிரே பாய்விரித்து அமர்ந்திருப்பவர்களுக்கும் பொதுவாகத் தெரியும் என்பதே. முருகன் யார் என்று யாரும் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

கொங்கு நாட்டில் இதைவிடத் துலக்கமான காட்சி ஒன்று உண்டு. அமராவதிக் கரையில் கணியூர் போன்ற ஊர்களில் வளர்ந்தவர்கள் பொன்னர் சங்கர் என்ற வீரச் சகோதரர்களின் கதையைக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அந்த அண்ணன்மாரின் கோயில் விழாக்களில், போர்க்களச் சாவை நடித்துக்காட்டும் படுகளம் நடக்கும்போது, போரில் மாண்ட வீரர்களாக விழுபவர்கள் பயிற்சி பெற்ற நடிகர்கள் அல்லர், ஊர்க்காரர்கள். விழுந்தவர் விழுந்தபடி கிடப்பார். அண்ணன்மாரின் தங்கையின் பெயரால் நீர் தெளித்து எழுப்பும்வரை சுற்றி நிற்போர் கண்கலங்கி நிற்பார்கள். அங்கே யாரும் மிகையாகவும் நடிப்பதில்லை, குறைவாகவும் நடிப்பதில்லை. நம்பிக்கை ஊர் முழுவதற்கும் பொது.

1990-களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் நாகா இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் வந்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' இந்தப் பொது நம்பிக்கையின் மேல் நின்று வென்றது. கருப்பண்ணசாமியின் குதிரைக் குளம்பொலி கேட்டால் அஞ்சவேண்டும் என்பது சிறு வேடத்தில் வந்துபோனவருக்கும் தெரியும், பார்த்தவருக்கும் தெரியும். அதனால் அதன் சின்ன வேடங்கள்கூடப் பிசிறடிக்கவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடரானபோது இந்த வசதி கிடைக்கவில்லை. ஜீனோ என்ற இயந்திர நாயோடு பேசுபவர் எந்தத் தொனியில் பேசவேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி இல்லை. ஒவ்வொருவரும் தாமாகவே ஒரு தொனியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தமிழில் அறிவியல் புனைவுத் தொடர் எடுக்க முன்வருகிறவர்களுக்கு இந்த அறுபது ஆண்டு அனுபவம் கையருகே இருக்கிறது. ஒரு நாள் வேடத்துக்கு வருபவரிடம் அவருடைய வசனத்தாளை மட்டும் நீட்டாமல் முழுக் கதையையும் கொடுங்கள். அந்த உலகத்தில் எதற்கு அஞ்சுவார்கள், எதைக் கும்பிடுவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள். அரங்கையும் உடையையும் பதிவு நாளுக்கு முன் ஒருமுறையாவது அவர் பார்க்கட்டும். உலகத்தை விளக்கும் சுமையை அவர் வாயிலிருந்து இறக்கிவிட்டு, அவருக்கென்று ஒரு துன்பத்தையோ ஆசையையோ எழுதுங்கள். இதற்கெல்லாம் பெரும்பணம் தேவையில்லை. அட்டவணையில் ஒரு நாள் கூடுதலாகப் போட்டால் போதும்.